சம்பந்திகளும் அமெரிக்க நீதிபதிகளும்

மன்னார்க் கத்தோலிக்கப் பையன் ஒருவனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று என் மகள் சொன்னபோது எங்கள் வீட்டில் யாரும் அழவில்லை. என் கணவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "பையனுக்குக் காரம் ஒத்துக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

"அப்பா, உங்க சாம்பாரைக் குழந்தைங்க சாப்பாடுன்னு சொல்றான்" என்றாள் மகள்.

அத்தோடு அவர் சம்மதம் முடிந்தது. அவர் பொறியியல் பேராசிரியர். வகுப்பில் மூச்சுவிடாமல் பேசுகிற மனிதர் வீட்டுக்கு வந்தால் வாயைத் திறப்பது சாப்பிடத்தான். அதனால் கல்யாணப் பேச்சு என்றால் பேச வேண்டியவள் நான். நானோ கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். விடை உள்ள விஷயங்களைப் பேசித்தான் பழக்கம்.

பையனைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. மகள் வேலை பார்க்கும் மருத்துவமனையில் கணினிப் பிரிவில் இருந்தான். எங்கள் வீட்டுக்குப் பல முறை வந்து, கேட்காமலே தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். என் கவலையெல்லாம் இரண்டு குடும்பங்களும் ஒரே அறையில் உட்காரப்போகும் நாளைப் பற்றியது. நாங்கள் சைவச் சாப்பாடு, முகூர்த்தம், மஞ்சள் குங்குமம். அவர்கள் சர்ச், பாதிரியார், மீன் குழம்பு. அவர்கள் வேகமாகக் கதைத்தால் எனக்குப் பாதிதான் புரியும். நான் பேசுவது அவர்களுக்கு டிவி நாடகம் மாதிரி இருக்குமோ என்று வேறு பயம். யார் முறைப்படி கல்யாணம், எது முதலில் என்ற பேச்சை யார் எடுப்பது?

இதற்கு மேல் என் அண்ணா.

அண்ணா நியூ ஜெர்சியில் இருக்கிறார். இதய மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் நல்லது கெட்டதற்கு முன்னால் உட்காருவது அவர்தான். ஓய்வுக்குப் பிறகு அவருக்குப் பொழுதுபோக்கு அமெரிக்க அரசியல். இப்போதைய ஜனாதிபதிக்கு ஓட்டுப் போட்டவர். அதை மறைப்பவரும் இல்லை, எங்கும் சொல்லாமல் விடுபவரும் இல்லை. ஆகவே அவர் புறப்படுவதற்கு முன்னால் போன் செய்தேன்.

"அண்ணா, வந்த இடத்துல அரசியல் பேசாதே."

"எந்த அரசியல்?"

"எந்த அரசியலும்."

"இந்திய அரசியல்?"

"வேண்டாம்."

"அப்போ என்னதான் பேசறது?"

"வெயில், மழை, ஏதாவது."

"உங்க ஊர்ல வெயில் எங்கம்மா இருக்கு?" என்று சிரித்தார். ஆனால் சத்தியம் செய்து கொடுத்தார்.

ஏப்ரல் மாதம். தெருவோரத்தில் கறுத்துப்போன பனி கடைசியாகக் கரைந்துகொண்டிருந்தது. கனடாவின் கியூபெக்கில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. அண்ணா முந்தின இரவே காரில் வந்து சேர்ந்திருந்தார். பையனும் அவன் அப்பா அம்மாவும் படியேறி வருவதற்குள் நான் புடவைத் தலைப்பை எத்தனை தடவை சரிசெய்தேன் என்று எனக்கே தெரியாது. பையனின் அம்மா முதலில் வந்தார். ஒல்லியான, சுறுசுறுப்பான பெண்மணி. பாலத்துக்கு அந்தப் பக்கம் லொங்குய்யில் ஒரு கார்தெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், வேலை செய்பவர். பின்னால் பழத்தட்டோடு பையனின் அப்பா. பெரிய உருவம், பெரிய மீசை. அமெரிக்காவுக்குக் கதவும் ஜன்னலும் செய்து அனுப்பும் ஒரு கம்பெனியில் ஏற்றுமதியைப் பார்த்துக்கொள்பவர். இவ்வளவு பெரிய மனிதர் இத்தனை அடக்கமாக வணக்கம் சொல்கிறாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவரும் காரில் பாலம் முழுக்க மனைவியிடம் உபதேசம் வாங்கிக்கொண்டு வந்தவர் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

எல்லோரும் உட்கார்ந்தோம். வடை கொடுத்தேன். காபி கொடுத்தேன்.

"இந்த முறை பனி கொஞ்சம் கூட" என்றார் பையனின் அப்பா.

"ஆமாம், கூட" என்றார் அண்ணா.

"இனிக் கொட்டாது எண்டு நினைக்கிறன்."

"ஆமாம், கொட்டாது."

வானிலை முடிந்துவிட்டது. என் கணவர் இன்னொரு வடையை எடுத்துக்கொண்டார். மகளும் பையனும் சோபாவின் இரண்டு மூலைகளில், பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். குளிர்சாதனப் பெட்டியின் ஓசை கேட்டது. அந்த அமைதி தாங்காமல் பையனின் அப்பா, வெறும் மரியாதைக்காக, அண்ணாவைப் பார்த்துக் கேட்டார்.

"வழியில சனமோ?"

"எங்க? எல்லையில ஈ காக்கா இல்ல. முன்னாடியெல்லாம் கனடா வண்டி வரிசை கட்டி நிக்கும். ஏன்னே தெரியல."

"ஏனெண்டு தெரியேல்லையோ?"

அவர் காபி டம்ளரை டொக்கென்று கீழே வைத்தார். அவர் மனைவி, "இஞ்சருங்கோ" என்றார் மெதுவாக. நான் அண்ணாவை முறைத்தேன். இரண்டும் வீணாயிற்று.

"உங்கட ஜனாதிபதி விடிய ஒரு கட்டளை போடுறார், வரி எண்டு. நான் லொறியை நிப்பாட்டுறன். ஒரு நீதிமன்றம் அது செல்லாது எண்டுது. லொறியை விடுறன். மேல இருக்கிற நீதிமன்றம் பொறு எண்டுது. திரும்ப நிப்பாட்டுறன். கதவும் ஜன்னலும் எங்கட முற்றத்தில நிக்குது. நான் இப்ப அமெரிக்க நீதிபதிமார் என்ன சொல்லுகினம் எண்டு பாத்துத்தான் காலமை தேத்தண்ணி குடிக்கிறன்."

"அதான் நானும் சொல்றேன்" என்றார் அண்ணா, முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டு. "நாடே ஓட்டுப் போட்டு ஒருத்தரைக் கொண்டு வருது. யாருமே ஓட்டுப் போடாத ஒரு நீதிபதி, எங்கேயோ ஒரு மாவட்டத்துல உட்கார்ந்துகிட்டு, ஒரே கையெழுத்துல நாடு பூரா நிறுத்திடறார். குழப்பம் பண்றது யாரு? ஜனாதிபதியா, நீதிபதியா?"

"ஜனாதிபதியை நிப்பாட்ட நீதிபதி இல்லாட்டி வேற ஆர் இருக்கினம்?"

"காங்கிரஸ் இருக்கு. அடுத்த தேர்தல் இருக்கு."

"அடுத்த தேர்தல் மட்டும் என்ர லொறி நிக்குமோ? நாங்கள் ஜனாதிபதி ஆட்சி எண்டா என்னெண்டு கண்ட சனம். எல்லாத்தையும் ஒரு ஆளிட்டக் குடுத்திட்டு, பேந்து ஒரு நீதிபதி வாய் திறக்கமாட்டாரோ எண்டு பாத்துக்கொண்டு இருந்தனாங்கள்."

"அது வேற நாடு சார்."

"கதிரை ஒண்டுதான்!" என்று அவர் தன் நாற்காலியின் கையில் தட்டினார்.

அண்ணாவின் குரல் உயர்ந்தது. பையனின் அப்பாவின் குரல் அதைவிட உயர்ந்தது. நீதிபதி தவறு செய்தால் அவரை யார் நிறுத்துவது என்று அண்ணா கேட்டார். மேல் நீதிமன்றம் என்றார் இவர். அந்த மேல் நீதிமன்றமே, கீழே உள்ளவர்கள் நாடு முழுவதற்கும் தடை போடக்கூடாது என்று எல்லை வகுத்துவிட்டதே என்றார் அண்ணா. அது சரியான தீர்ப்பு என்று நான் சொல்லவில்லையே என்றார் இவர்.

"பார்த்தீங்களா! உங்களுக்குப் பிடிச்ச தீர்ப்பு மட்டும்தான் தீர்ப்பு!" என்று அண்ணா தொடையில் தட்டினார்.

என் மகள் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள். இனி இங்கே உட்கார்ந்திருந்தால் எனக்கே இதய மருத்துவர் தேவைப்படும் என்று தோன்றியது. பாயசத்தைச் சூடாக்குகிறேன் என்று சமையலறைக்குப் போனேன். பையனின் அம்மாவும் எழுந்து பின்னாலேயே வந்துவிட்டார்.

"மன்னிச்சுக்குங்க. அண்ணா கொஞ்சம்..." என்று ஆரம்பித்தேன்.

"ஐயோ அக்கா, நான் கேக்க வேண்டிய மன்னிப்பு. பாலம் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தனான், வாயை மூடிக்கொண்டு இருங்கோ எண்டு. ஆனா ஒண்டு. இவர் பிடிக்காத ஆக்களோட இப்பிடிக் கதைக்கமாட்டார். 'ஓம், ஓம்' எண்டு தலையை ஆட்டிப்போட்டு வந்திடுவார்."

எனக்கு அந்த ஒரு வாக்கியத்தில் பாதி உயிர் திரும்பி வந்தது. பாயசத்தைக் கிளறியபடி, இதுதான் சமயம் என்று துணிந்து கேட்டேன்.

"கல்யாணம்... முதல்ல கோயில்ல வெச்சுக்கலாம்னு நினைக்கிறேன். உங்களுக்கு எப்படி?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எனக்கும் அதுதான் அக்கா விருப்பம். கோயிலிலதான் முதல். நீங்கள் என்ன சொல்லுவீங்களோ எண்டு எத்தனை நாள் நித்திரை இல்லை. நான் சுவாமியிட்டயும் கேட்டிட்டன். அவர் ஓம் எண்டிட்டார்."

நான் நெகிழ்ந்துபோனேன். கத்தோலிக்கப் பெண், எங்கள் கோயிலில் முதலில் வைக்க ஒப்புக்கொள்கிறார், அதுவும் சுவாமியிடம் உத்தரவு கேட்டுவிட்டு. "பூ போட்டுப் பார்த்தீங்களா?" என்றேன்.

"பூவோ? இல்லை, பூசை முடிய அறைக்குப் போய்க் கேட்டனான். அனுமதி எடுக்கலாம் எண்டவர். கடதாசி கொஞ்சம் நிரப்ப வேணுமாம்."

கரண்டி என் கையில் அப்படியே நின்றது. "எந்த ஸ்வாமி?"

"எங்கட பங்குச் சுவாமி."

"அப்போ கோயில்னு நீங்க சொன்னது?"

"எங்கட கோயில்தான். நீங்கள் சொன்னது?"

"எங்க கோயில்!"

ஒரு கணம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. அவர்கள் தேவாலயத்தைக் கோயில் என்பார்கள், பாதிரியாரைச் சுவாமி என்பார்கள் என்று இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் எனக்குத் தெரியாமல் போயிருந்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். பாயசம் அடிப்பிடித்தது. அதைப் பார்த்து இன்னும் சிரித்தோம்.

அப்படிச் சிரித்துவிட்ட பிறகு எதைப் பேசத்தான் கஷ்டம்? ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கோயிலில் வரிசையாகப் பூசை இருக்கும், கல்யாணம் வைக்கமாட்டார்கள். ஆகவே சனிக்கிழமை காலை அவர்கள் கோயில், ஞாயிறு காலை எங்கள் கோயில். சனிக்கிழமை விருந்தில் மீன் உண்டு, எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தனி மேசை. ஞாயிறு முழுக்கச் சைவம். கடைசியில் ஒரே ஒரு விஷயம் மிச்சமிருந்தது. அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"தாலி... எங்கட தாலியில குருசு இருக்கும் அக்கா. உங்களுக்கு அது..."

"எங்க வழக்கத்துல தாலி ரெண்டு" என்றேன். "பிறந்த வீட்டுத் தாலி ஒண்ணு, புகுந்த வீட்டுத் தாலி ஒண்ணு. ரெண்டையும் ஒரே சரட்டுல கோர்த்துப்போம். உங்க வீட்டுத் தாலி உங்க வீட்டு மாதிரிதானே இருக்கணும்?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கையில் பாயசம் ஒட்டியிருந்தது, என் கையிலும்தான்.

அப்போதுதான் கூடத்திலிருந்து சத்தமே வரவில்லை என்பதைக் கவனித்தோம். ஓடிப்போய்ப் பார்த்தால், சோபா மூலைகளில் பிள்ளைகளும் எதிரே என் கணவரும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க அவங்க ரெண்டு பேரும்?" என்று கணவரைக் கேட்டேன்.

"கீழ இறங்கிப் போனாங்க."

"சண்டையா?"

"தெரியல. கோட்டு கூடப் போட்டுக்கலை."

பால்கனிக் கதவைத் திறந்தோம். கீழே நடைபாதையில், அண்ணாவின் நியூ ஜெர்சி கார் அருகே இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். காரில் வைத்திருக்கும் மாத்திரையை எடுக்க அண்ணா இறங்கியிருக்கிறார். வாக்கியம் முடியவில்லை என்பதால் பையனின் அப்பாவும் கூடவே இறங்கியிருக்கிறார். நாயோடு வந்த ஒரு பெண்மணி இவர்களைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கத்துக்குப் போனார். கேட்க நாங்கள் குனிய வேண்டியதே இல்லை. தெருவுக்கே கேட்டது.

"நான் ஒண்டு கேக்கிறன், நெஞ்சில கை வைச்சுச் சொல்லுங்கோ. முந்தின ஜனாதிபதி குடிவரவுக்காரரைத் திருப்பி அனுப்பாதேங்கோ எண்டு ஒரு கட்டளை போட்டவர். டெக்சாஸில ஒரு நீதிபதி அதை நிப்பாட்டினவர். நாடு முழுக்க. அப்ப நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

அண்ணா தன் காரின் கூரையைப் பார்த்தார். பிறகு, "கை தட்டினேன்" என்றார்.

"தட்டினீங்களோ!"

"எழுந்து நின்னு தட்டினேன். சரி, நீங்க? அன்னிக்கு நீங்க என்ன சொன்னீங்க? நெஞ்சுல கை வைங்க."

இப்போது இவர் முறை. பெரிய மீசையைத் தடவினார். "நான் சொன்னனான்... ஆர் இந்த நீதிபதி, ஆர் இவருக்கு ஓட்டுப் போட்டது எண்டு."

அண்ணா சிரித்த சிரிப்பு! காரின் மேல் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிறு வயதில் கூட அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இவரும் அண்ணாவின் முதுகில் தட்டித் தட்டிச் சிரித்தார். நான் பக்கத்தில் திரும்பினேன். என் மகளும் பையனும் எப்போது பால்கனிக்கு வந்தார்களோ, கையைக் கோர்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள்.

மூக்கெல்லாம் சிவந்து, குளிரில் நடுங்கியபடி இரண்டு பேரும் மேலே வந்தார்கள். அண்ணா உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, குடும்பத் தலைவருக்குரிய குரலில், "சரி, வந்த விஷயத்தைப் பேசலாமா? கல்யாணத்தை எப்படி நடத்தறது?" என்றார்.

"அது முடிஞ்சுது" என்றார் பையனின் அம்மா.

"எப்போ?"

"நீங்கள் ரெண்டு பேரும் அமெரிக்காவில நிக்கேக்க."

அடிப்பிடித்த பாயசத்தை எல்லோரும் மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். தீய்ந்த வாசனையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்தக் கோடை முழுக்க அவர்கள் இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டார்கள். எனக்கு வாரம் ஒரு முறை போன் செய்வதற்கே சோம்பல்படும் அண்ணா, சம்பந்திக்குத் தினமும் செய்தார். எங்கேயாவது ஒரு நீதிபதி ஏதாவது ஒரு கட்டளையை நிறுத்தினால் லொங்குய்யிலிருந்து நியூ ஜெர்சிக்கு மணி அடிக்கும். மேல் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கினால் நியூ ஜெர்சியிலிருந்து லொங்குய்க்கு. கல்யாண மண்டபம், சாப்பாட்டுக்காரர், பூக்காரர் பற்றி நான் அண்ணாவிடம் ஏதாவது கேட்டால், "சம்பந்திகிட்ட பேசிடறேன்" என்பார். பேசியிருப்பார், ஒரு மணி நேரம். பூவைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

ஒரு நாள் எங்கள் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது மகளுக்குப் பொறுமை போய்விட்டது. "இங்க கியூபெக்ல, கோர்ட்டு என்ன சொன்னாலும் இந்தச் சட்டம் நிக்கும்னு அரசாங்கமே ஒரு வரி எழுதிச் சேர்த்துக்குது. நாம இருக்கற ஊரு. அதைப் பத்தி ரெண்டு பேரும் ஒரு வார்த்தை சண்டை போட்டிருக்கீங்களா?"

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். "அது வேற" என்றார் அண்ணா. "அது வேற பிள்ளை" என்றார் மாமனார். பிறகு அது எப்படி வேறு என்பதில் இரண்டு பேருக்கும் சண்டை வந்தது.

செப்டம்பரில் கல்யாணம் நடந்தது. சனிக்கிழமை காலை கோயில் நிறையப் பாட்டு. குருசு பொறித்த தாலியைப் பையன் கட்டும்போது, முன் வரிசையில் இருந்த என் கணவர், அதுவரை அழாத மனிதர், கைக்குட்டையை எடுத்தார். ஞாயிறு காலை எங்கள் கோயிலில் நாதஸ்வரம். அவர்கள் பக்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் தலைநிறைய மல்லிகை வைத்துக்கொண்டு, எங்களைவிட முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு தாலியும் ஒரே சரட்டில் ஏறின. பையனின் அம்மா மணையருகே நின்ற என்னைத் தேடிக் கண்ணாலேயே ஏதோ சொன்னார்.

குடும்பப் படம் எடுப்பதற்குள் படக்காரப் பையன் களைத்துவிட்டான். "மெஸ்யூ, சில் வூ ப்ளே" என்று பிரெஞ்சில் கெஞ்சிப் பார்த்தான். பட்டு வேட்டி கட்டிய இரண்டு பெரிய மனிதர்களும் கேமராவைப் பார்க்கவே இல்லை. எடுத்த அத்தனை படத்திலும் எல்லோரும் நேராகப் பார்த்துச் சிரிக்கிறோம், அவர்கள் இருவர் மட்டும் ஒருவரையொருவர் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருக்கிறார்கள். அதில் ஒன்றைத்தான் என் கணவர் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினார். வேறு நல்ல படம் இல்லையா என்று கேட்டேன். "இதுல எல்லாரும் உயிரோட இருக்காங்க" என்றார்.

மறுநாள் மிச்சச் சாப்பாட்டைத் தீர்க்க எங்கள் வீட்டில் கூடினோம். புளியோதரையும் முந்தைய நாள் வடையும். கல்யாண அலுப்பில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். வழக்கம்போல நீதிபதி, ஜனாதிபதி என்று ஆரம்பித்தார்கள். மாதக்கணக்காக அதைக் கேட்டுக் கேட்டு, எனக்கே தெரியாமல் எனக்குள்ளும் ஒரு கருத்து வளர்ந்திருக்கிறது. அது வாய்வழியே வெளியே வந்துவிட்டது.

"ஏன், ஒரே நீதிபதி நாடு முழுக்கத் தடை போடறதுதானே பிரச்சனை? மூணு நீதிபதி சேர்ந்து உட்கார்ந்து போடட்டும். ஒருத்தர் இஷ்டமும் இல்ல, ஜனாதிபதி இஷ்டமும் இல்ல. முடிஞ்சு போச்சு."

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"அதெல்லாம் நடக்காதும்மா" என்றார் அண்ணா. "அந்த மூணு பேரை யார் பொறுக்கறது?"

"அண்ணை சொல்லுறது சரி. அது சரிவராது" என்றார் சம்பந்தி. "அவையள் மூண்டு பேரும் கூடி இருந்து கதைச்சு முடிக்க என்ர லொறி துருப்பிடிச்சிடும்."

ஆறு மாதத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரு பக்கம் சேர்ந்திருந்தார்கள், அதுவும் எனக்கு எதிராக. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நீட்டிய காலை மடக்கிக்கொண்டு நேராக உட்கார்ந்தேன்.

"ஏன் சரிவராது? அக்கா சொல்லுறதில என்ன பிழை?" என்று சம்பந்தியம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் நகர்ந்து வந்தார்.

நான் பேச ஆரம்பித்தேன். எனக்கு அவ்வளவு சத்தமாகப் பேச வரும் என்று எனக்கே தெரியாது. புது மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே என் தட்டில் இன்னும் கொஞ்சம் புளியோதரை வைத்தான். என் கணவர் எழுந்துபோய், தெருப்பக்கத்து ஜன்னலை மெதுவாகச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.